வீட்டுக்கு ஒரு அழைப்பு

"டீ ஆறுது, குட்டி..."

கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்த நாத்தனார், காதே கேட்காதவள்போல இன்னொரு ஹேர்பின்னை எடுத்துச் செருகினாள். அண்ணி தம்ளரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"நான் வெளியில குடிச்சுக்கிறேன்னு சொல்லுங்கம்மா" என்றாள் குட்டி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் உடனே தூது வேலையை ஏற்றுக்கொண்டார். "வெளியில குடிச்சுக்குவாளாம். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அத்தை."

கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நிற்பவளுக்கு இன்னொருத்தர் வாய் வழியாகச் செய்தி! இந்தக் கூத்து அந்த வீட்டில் ஒரு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், பள்ளிக்கூடப் பையோடு பின்னாலேயே சுற்றிய குட்டி அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். அது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொற்றி, பால்காரருக்குத் தொற்றி, கடைசியில் கட்டிய புருஷனே "அண்ணி எங்கே?" என்று கேட்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது தெருவே அண்ணி என்கிறது. கூப்பிட வேண்டியவள் மட்டும் கூப்பிடுவதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஏங்கிய ஏக்கம் அவளுக்குத்தான் தெரியும்.

அன்றைக்குக் குட்டிக்குப் பெரிய நாள். வாரா வாரம் வீடு வீடாகப் பார்க்கிற அந்தத் தொலைக்காட்சி விநாடி வினாவில் அவள் ஆடப்போகிறாள். பகலில் படப்பிடிப்பு. அண்ணன்காரர் லிஃப்ட் மெக்கானிக். லீவு போட்டுவிட்டு, தங்கை கேள்விக்குத் திணறினால் உதவுவதற்காகக் காலையிலேயே ஃபோனைச் சார்ஜில் போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார்.

குட்டி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"நல்லா ஆடு குட்டி... கேள்வி கேக்கறவர் முழுசாப் படிச்சு முடிக்கிற வரைக்கும் பஸ்ஸரைத் தொடாதே. முன்னாடியே அமுக்கினா உன் பஸ்ஸர் பூட்டிக்கும், அடுத்தவங்க..."

குட்டி நின்றாள். திரும்பவில்லை.

"எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்னு சொல்லுங்கம்மா. கூட வாங்கன்னு கெஞ்சினப்ப வர முடியாதவங்க, இப்ப வாசல்ல நின்னு அக்கறை காட்ட வேண்டாம்!"

"இந்தா, நல்ல காரியத்துக்குப் போறப்ப அவளை ஏன் வம்புக்கு இழுக்கறே?" என்றார் மாமியார், யார் யாரை இழுத்தார்கள் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல்.

குட்டி போய்விட்டாள். ஆறிய டீயைக் கொட்ட மனமில்லாமல் அண்ணி அதைத் தானே குடித்தாள்.

மற்றவர்களுக்குத் தெரியாத கதை ஒன்று இதற்குப் பின்னால் இருந்தது.

அண்ணி தையல் தெரிந்தவள். அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளர் போட்டுக்கொள்ளும் கோட்டைச் சரி செய்து கொடுக்க ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போனாள். விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், "மேடம், ஒரு நிமிஷம் இங்க வந்து நில்லுங்க" என்றார். போய் நின்றாள். நின்றவளை அவர்கள் விடவில்லை.

உண்மையான போட்டியாளர்கள் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பஸ்ஸர் வேலை செய்கிறதா, கேமராவில் முகம் சரியாக விழுகிறதா, தவறான விடைக்குச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்குப் பொய்யாக ஆட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அண்ணி. கேட்பதெல்லாம் ஒத்திகைக்கென்றே வைத்திருக்கும் பழைய கேள்விகள். "மேடம், இப்ப தப்பாச் சொல்லுங்க" என்றால் தப்பாகச் சொல்வாள். "மேடம், இப்ப ஜெயிச்சிடுங்க" என்றால் ஜெயித்துவிடுவாள். ஜெயித்ததும் மேலிருந்து வண்ணத்தாள் மழையாகக் கொட்டும். பிறகு அதைப் பெருக்கி, நிஜப் போட்டிக்காக மறுபடி மூட்டை கட்டிக்கொள்வார்கள். நாட்டிலேயே அதிக முறை முதல் பரிசை வென்றவள் அவளாகத்தான் இருக்கும். வீட்டுக்கு ஒரு துண்டுத் தாள்கூட வந்ததில்லை.

"நிக்கிறதுக்கெல்லாம் சம்பளமா? நானும்தான் ரேஷன் கடையில கால் கடுக்க நிக்கிறேன், ஒருத்தன் தரலையே" என்று மாமியார் கேலி பண்ணுவார்.

ஆனால் அண்ணிக்கு அது வெறும் நிற்கிற வேலையில்லை. தரையில் டேப் ஒட்டிய இடத்தில் போய் நின்றதும் விளக்கெல்லாம் அவள் முகத்தில் விழும். "நீங்க யாரு? என்ன பண்றீங்க? என்ன ஆசை?" என்று கேட்பார்கள். வீட்டில் அவளிடம் யாரும் கேட்காத கேள்விகள்! ஒருநாள் விமானம் ஓட்டுகிறேன் என்பாள். இன்னொருநாள் பல் டாக்டர் என்பாள். கேமராக்காரர்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் வந்து அடுப்படியில் நிற்கும்போதும் அந்த வெளிச்சத்தின் சூடு கன்னத்தில் இருக்கும்.

குட்டிக்கும் அந்த நிகழ்ச்சிக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள் அவள். வந்ததிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பேச்சே இல்லாமல் கிடந்தாள். யார் என்ன கேட்டாலும் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தபோது, தொகுப்பாளர் கேட்ட ஒரு கேள்விக்கு அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. சரியான பதில்! அண்ணி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அடுத்த கேள்விக்கும் பதில் வந்தது. கொஞ்ச நாளில் கதவு திறந்தது. பிறகு குட்டி சோபாவுக்கே வந்துவிட்டாள். பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது, வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்ததும் அண்ணியின் நச்சரிப்பால்தான்.

குட்டி தேர்வான மறுநாள், ஸ்டுடியோவில் கோஆர்டினேட்டர் அண்ணியைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க நாத்தனாராமே? இங்க வேலை செய்யறவங்க வீட்டு ஆளு ஆட முடியாதும்மா. ரூல் அப்படி. நீங்க இருந்தா அவங்க இல்லை. அவங்க வந்தா நீங்க இல்லை... அதுக்கப்புறம் உங்களைத் திரும்ப எடுத்துக்கவும் மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு சார்? நான் இன்னியோட நின்னுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு... அவளுக்கு இது தெரிய வேண்டாம். தெரிஞ்சா வர மாட்டா."

வீட்டுக்கு வந்து, "வேலை பிடிக்கலை, விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அங்கேதான் வந்தது வினை. குட்டி தேர்வாகிறாள், இவள் வேலையை விடுகிறாள். மாமியார் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். போட்டியாளரோடு வீட்டு ஆள் ஒருவர் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம். "அண்ணி, நீங்கதான் என்கூட வரணும்" என்று குட்டி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். போனால் அங்கே இருப்பவர்கள் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுவார்கள்! "எனக்கு வேலை இருக்கு குட்டி" என்றாள் அண்ணி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என்ன வேலை? வேலையைத்தான் விட்டுட்டீங்களே!" குட்டி பிடித்த கையை விட்டாள். "இப்பதான் புரியுது. தினம் தினம் நீங்க பொய்யா நின்ன இடத்துல நான் நிஜமா நிக்கப்போறேன். அதைப் பார்க்க உங்களுக்குப் பிடிக்கலை. பொறாமை!"

அன்றோடு பேச்சு நின்றது.

மதியம் ஆனது. அண்ணி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இங்கே இருந்தன, மனசு ஸ்டுடியோவில் இருந்தது. இப்போது மைக் மாட்டியிருப்பார்கள். இப்போது முகத்தில் பவுடர் ஒற்றியிருப்பார்கள். இப்போது டேப் ஒட்டிய அந்த இடத்தில் குட்டி நிற்பாள்... அவள் உயரத்துக்குக் கேமராவை இறக்கியிருப்பார்களா?

கூடத்தில் ஃபோன் அடித்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று மாமியார் கூவினார். அண்ணன்காரர் ஸ்பீக்கரை அமுக்கினார். அந்த ஆட்டத்தில் திணறுகிறவர்களுக்கு ஒரே ஓர் உதவிதான் உண்டு. அதற்குப் பெயர் வீட்டுக்கு ஒரு அழைப்பு. வீட்டில் இருக்கும் ஒருவரிடம் முப்பது விநாடி பேசலாம். அவர் ஹலோ சொன்னதும் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

தொகுப்பாளரின் குரல் கூடத்தை நிறைத்தது. "வணக்கம் சார்! உங்க தங்கச்சி கடைசிக் கேள்வியில நிக்கிறாங்க. தெரியுமா?"

"கடைசிக் கேள்வியா!" அண்ணன்காரருக்கு மூச்சு வாங்கியது.

"சார் என்ன தொழில் பண்றீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க."

அந்தப் பக்கம் கூட்டம் ஹோவென்று கத்தியது. கைதட்டல் காதைப் பிளந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதற்கு இவ்வளவு கைதட்டல் என்று அண்ணன்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப என்னம்மா, அண்ணன்கிட்டயே பேசிடலாமா?" என்றார் தொகுப்பாளர், சிரித்துக்கொண்டே.

பிறகு குட்டியின் குரல்.

"இல்லை சார்... எனக்கு அண்ணிகிட்ட பேசணும்."

கூடம் சிலையாக நின்றது. மாமியார் வாயைப் பிளந்தார். "யார்கிட்ட?" என்றார் அண்ணன்காரர்.

"அண்ணியைக் கூப்பிடுண்ணா!"

அண்ணி அடுப்படி வாசலில் நின்றாள். கையில் சோப்பு நுரை. ஒரு மாதமாகக் காதில் விழாத சொல் விழுந்துவிட்டது, அதுவும் இப்படி, ஊர் கேட்க... ஓடி வந்து ஃபோனுக்குக் குனிந்தாள்.

"ஹலோ?"

கடிகாரம் டிக்கென்று ஓட ஆரம்பித்தது.

"அண்ணி..."

"சொல்லும்மா! கேள்வி என்ன?"

"அண்ணி, இங்க மைக் மாட்டுற அக்கா சொன்னாங்க... நான் ஆடணும்னா நீங்க வேலையை விடணும்னு ரூலாமே... எனக்காகத்தான் விட்டீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்! கேள்வியைப் படி!"

"நான் உங்களைப் பொறாமைக்காரின்னு சொன்னேனே அண்ணி... ஒரு மாசம் உங்க கையால ஒரு வாய் டீ குடிக்கலையே..."

"குட்டி! மணி ஓடுதுடி! பாதி போயிருக்கும்! எதிர்ல ஸ்கிரீன்ல இருக்கு பாரு, அதைப் படி... படிடா கண்ணு!"

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லலை? நான் பேசாம இருந்தப்பகூட ஒரு வார்த்தை சொல்லலையே..."

"சொன்னா நீ போயிருக்க மாட்டியே! கேள்வி... கேள்வி என்னம்மா?"

"மன்னிச்சிடுங்க அண்ணி... மன்னிச்சி..."

பீப் என்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்தது.

அண்ணி ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கேள்வியைக் கேட்கவே இல்லைங்களே... முழு நேரமும் போச்சே!" என்று புருஷனிடம் முறையிட்டாள். கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அவர் மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலையை... அவளுக்காகவா விட்டே?" என்றார் மெதுவாக.

மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனார். மிச்சமிருந்த பாத்திரங்களைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பல வருஷமாகியிருந்தது.

சாயங்காலம் குட்டி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையை எங்கோ எறிந்துவிட்டு நேராக அண்ணியிடம் போய் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அண்ணன்காரர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

கடைசியில் அண்ணிதான் அவளை விலக்கி, உலுக்கிக் கேட்டாள். "என்னடி ஆச்சு? பதில் சொன்னியா?"

"சொன்னேன். தப்பு."

"போச்சா?"

"போச்சு."

"கேள்விதான் என்ன?" என்றார் அண்ணன்காரர்.

குட்டி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "லிஃப்ட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்குமே, அது சுமாரா எவ்வளவு இருக்கும்னு கேட்டாங்க. காலிக் கூண்டோட எடை மட்டுமா, அதோட பாதிச் சுமையுமா, முழுச் சுமையுமான்னு. நான் முழுச் சுமைன்னேன்."

அண்ணன்காரர் துள்ளி எழுந்தார். "பாதி! கூண்டும் பாதிச் சுமையும்! இத்தனை வருஷமா அதைத்தானேடி தூக்கி மாட்டிக்கிட்டிருக்கேன்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேனே! லைன்ல நான்தானே இருந்தேன்!"

"தெரியும்ணா."

"தெரிஞ்சுமா?"

"கேள்வியைப் பார்த்ததுமே தெரியும். நீ சொல்லிடுவே, நான் ஜெயிச்சிடுவேன்னு தெரியும்." குட்டி அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "ஆனா ஃபோனைக் காலையிலேயே வாங்கி வச்சிட்டாங்கண்ணா. வீட்டோட பேச அது ஒண்ணுதான் வழி. அந்த அக்கா விஷயத்தைச் சொன்னதுலேருந்து எனக்கு ஆட்டத்துலயே மனசு இல்லை, எப்படியோ கடைசிக் கேள்வி வரைக்கும் வந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் என்னால பொறுத்துக்க முடியலை... எனக்கு அண்ணியைக் கூப்பிடணும்போல இருந்துச்சு. கூப்பிட்டுட்டேன்."

கூட்டம் எதற்குக் கைதட்டியது என்று அண்ணன்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. பொத்தென்று உட்கார்ந்தார்.

மாமியார் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து மருமகள் எதிரில் நின்றார். "நானும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன்மா... இப்பதான் ஆட்டம் முடிஞ்சு போச்சே. மறுபடி போய் உன் வேலையைக் கேளேன்."

"எடுத்துக்க மாட்டாங்க அத்தை. வீட்டு ஆளு ஆடியாச்சே. அதுக்கென்ன, விடுங்க. தையல் இருக்கு, கை இருக்கு." அண்ணி சிரிக்கப் பார்த்தாள். "எல்லாரும் உட்காருங்க, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."

"அண்ணி" என்றாள் குட்டி. "அந்த அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க. கடைசி நாள் ஒத்திகை முடிஞ்ச பிறகும் நீங்க மேடையை விட்டு இறங்கவே இல்லையாம். டேப் ஒட்டின இடத்துலயே நின்னுக்கிட்டிருந்தீங்களாம். அவங்க ஒவ்வொரு லைட்டா அணைச்சு முடிக்கிற வரைக்கும்..."

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. அடுப்படிப் பக்கம் திரும்பியவள், ஓர் அடி வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறாமை இல்லைன்னு சொல்ல மாட்டேன் குட்டி" என்றாள், யாரையும் பார்க்காமல். "கொஞ்சம் இருந்துச்சு. உன்மேல இல்லை... அந்த இடத்துமேல. அங்க என்னை மேடம்னு கூப்பிடுவாங்க. என்ன ஆசைன்னு கேட்பாங்க. பொய்யாத்தான் கேட்பாங்க, எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பாங்கல்ல? தினம் காலையில பஸ் போற சத்தம் கேட்டா காலு தானா வாசலுக்குப் போகுது. ஆசையா இருக்கு... இன்னும் ஒரே ஒரு நாள் அங்க போய் நிக்கணும்னு ஆசையா இருக்கு!"

சொல்லி முடித்ததும் அவள் அழுத அழுகையை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. எத்தனையோ பேச்சுக்கு வாய் திறக்காதவள், தனக்கு வேண்டியதை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லி அழுதாள். அண்ணன்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மாமியார் கீழே உட்கார்ந்து, மருமகளைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, ஈரக் கையால் அவள் முதுகைத் தடவினார். "அழும்மா... அழுதுடு" என்றார். அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்க அங்கே ஒருவராலும் முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குட்டி தரையில் உட்கார்ந்து அண்ணியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி..."

"ம்... சொல்லு."

"அண்ணி."

"சொல்லும்மா... என்ன?"

குட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.